முழுப்பெயர் கேட்கும் ஜனாதிபதி

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. வேலையிடத்து விதி அப்படி என்று சொல்லித் தப்பிக்கலாம். விதி இல்லாவிட்டாலும் எழுதமாட்டேன். கண்டவர்களிடமெல்லாம் பெயரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட மனிதர் அவர். அவரைப் பெயரில்லாமல் எழுதுவதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

தென்னமெரிக்காவில் ஒரு நாடு. அதற்கு ஒருகாலத்தில் ஜனாதிபதியாக இருந்தவர். தொண்ணூறு வயது தாண்டியபின், நான் குடியேறிய நாட்டில் மார்க்கம் என்கிற நகரத்தில் ஒரு நேர்சிங் ஹோமில், பார்க்கிங் லொட்டைப் பார்த்த ஓர் அறையில் இருந்தார். காலையில் அவரை எழுப்பிக் கழுவி, உடுப்பு மாற்றி, சீப்பால் தலை இழுத்து, வீல்செயாரில் இருத்துவது என் வேலை. ஒரு நாட்டை ஆண்டவருக்கு டயப்பர் மாற்றியிருக்கிறேன். அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. அந்த மாடியில் எல்லோருக்கும் மாற்றினேன், அவருக்கும் மாற்றினேன்.

அவருடைய ஆங்கிலமும் ஒட்டுப்போட்டது, என்னுடையதும் ஒட்டுப்போட்டது. ஆனபடியால் அவர் சொன்னவற்றை எங்கள் பேச்சுத் தமிழிலேயே இங்கே தருகிறேன்.

முதல் நாள் என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தார். அதில் ஜெசிந்தா என்று மட்டும் இருந்தது.

"இது பாதியும் இல்லை, கால்வாசி. முழுப்பெயரைச் சொல்லுங்கோ."

"ஜெசிந்தா சூசைப்பிள்ளை."

"சூசைப்பிள்ளை ஆர்?"

"அப்பா."

"அம்மாவின்ர பெயர் எங்க?"

எங்கள் ஆட்கள் அம்மாவின் பெயரைப் பின்னால் வைப்பதில்லை என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுடைய நாட்டில் ஒரு பிள்ளைக்குத் தகப்பன் வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் சேர்ந்தே வரும். தாயின் பெயரை விட்டுவிட்டுக் கூப்பிடுவது அவளை வாசலில் நிறுத்திவிட்டு வருவதைப் போன்றது என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு ஜெசிந்தா சூசைப்பிள்ளை திரேசம்மா ஆனேன். மன்னாரில் சமையலறையைத் தாண்டாத என் அம்மாவின் பெயர் மார்க்கத்தில் ஒரு கொரிடோர் முழுக்கக் கேட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே பிடித்திருந்தது.

எல்லோரிடமும் இதே வேலைதான். கழுவித் துடைக்கிற பெண், மருந்து கொண்டுவருகிற நேர்ஸ், இரத்தம் எடுக்க வருகிறவன் என்று ஒருவரையும் அவர் விடவில்லை. ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார். பிள்ளைகளின் பெயர், அவர்கள் படிக்கிற வகுப்பு, மாமியாருக்கு எந்தக் காலில் வருத்தம், எல்லாம் தெரியும். மாடி முழுவதும் அவருக்கு அடிமை. சுப்பர்வைசர் அவரோடு நின்று எடுத்த படத்தைத் தன்னுடைய மேசையில் வைத்திருந்தாள்.

என் வீட்டிலும் பைத்தியம் பிடித்தது. பக்கத்தில் வோபர்ன் என்கிற இடத்தில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட்டில் என் கணவர் சந்தித்த ஆட்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார், மனைவி ஒரு ஜனாதிபதியோடு கதைத்துப் பழகுகிறாள் என்று. ஊரில் கிராம அதிகாரியான ஒரு விதானையாரைப் பார்க்க அரை நாள் காத்து நின்ற மனிதர் அவர். அவருக்கு இது பெரிய சங்கதி.

"இஞ்சேரும், ரெண்டு மட்டன் றோல்ஸ் கொண்டுபோய்க் குடும். நாட்டை ஆண்ட மனுசன்."

"அவருக்கு எல்லாத்தையும் அரைச்சுத்தான் குடுக்கிறது. றோல்ஸ் அரைக்க ஏலாது."

"அப்ப ஒரு படமாவது எடுத்துக்கொண்டு வாரும்."

நான் எடுக்கவில்லை. விதி. அந்த விதிக்கு இன்று நன்றி சொல்கிறேன்.

தன்னுடைய வாழ்க்கையை அவர் வரிசையாகச் சொன்னதே இல்லை. ரயில் நிலைய அதிபரின் மகன். ஒரு துறைமுகப் பட்டணத்தில் சட்டத்தரணியாக வேலை பார்த்தவர். அங்கே மேயருக்கு நின்றபோது கையில் காசும் இல்லை, கட்சியும் இல்லையாம். மீன் இறக்குகிற இடத்தில் காலையில் போய் நின்று ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். மூட்டை தூக்குகிறவனுக்கு அவனுடைய தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்லி வணக்கம் சொன்னால் அவன் வேறு யாருக்கு வாக்குப் போடுவான்?

"என்ர அரசியல் முழுக்க அவ்வளவுதான்" என்று சிரித்தார். "மற்றவை ரோட்டுப் போட்டுத் தாறன் எண்டு சொல்லிச்சினம். நான் பெயரைச் சொன்னன்."

அதிலிருந்து மந்திரி. பிறகு இராணுவம் பழைய ஜனாதிபதியைத் துரத்திவிட்டு, தங்களுக்கு முன்னால் நிறுத்துவதற்கு ஒரு கோட்டுப் போட்ட மனிதரைத் தேடியது. எல்லோருக்கும் பிடித்தவர், எவரோடும் சண்டை பிடிக்காதவர், கையெழுத்து அழகாக வைக்கிறவர். இவர் அகப்பட்டார். பதவியேற்ற நாளில் மழை பெய்ததையும் தான் குடை பிடிக்க மறுத்ததையும் எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மழைக்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றி ஒரு சொல்லும் வராது. அந்த வருடங்களைத் தாண்டி ஒரே பாய்ச்சலில், தான் நாட்டை விட்டு ஓடிய விமானத்துக்கு வந்துவிடுவார். பிறகு வேறொரு நாடு, பிறகு இங்கே பக்கத்து நகரமான விட்பியில் வீடு வைத்திருந்த மகள், பிறகு இந்த அறை. அவருடைய நாட்டில் அவர் மேல் வழக்கொன்று வந்ததாம். வயது, சுகமில்லை என்று சொல்லி அது எங்கேயோ படுத்துவிட்டது.

நான் அவரை நம்பினேன் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. என் தம்பி அன்ரன். மன்னாரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவனைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒருவர் செத்தால் ஆத்துமத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போம். அம்மா இன்றுவரை அன்ரனுக்கு அந்தப் பூசையைக் கொடுக்க விடவில்லை. ஒவ்வொரு வருடமும் அவன் பிறந்த நாளில் அவனுடைய நல்ல சுகத்துக்காக ஒரு பூசை கொடுப்பா. சாமியார் அந்த வாசகத்தை வாசிக்கும்போது கோயிலில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கமாட்டார்கள்.

இதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். தம்பியின் முழுப்பெயரைக் கேட்டார். அன்றிலிருந்து பின்னேரச் செபமாலையின்போது, அன்ரன் சூசைப்பிள்ளை திரேசம்மா நலமாக வீடு வந்து சேர வேண்டும் என்று சத்தமாகச் செபிப்பார். நான் கதவடியில் நின்று அழுதிருக்கிறேன். அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நோரா கீழே லோண்ட்ரியில் வேலை செய்தாள். என்னைவிடப் பத்து வயது கூட. சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேசையில் இருப்போம். நேர்சிங் ஹோமில் ஒவ்வொருவருடைய உடுப்பிலும் பெயர்த் துணி ஒட்டுவது வழக்கம், இல்லாவிட்டால் ஒருவருடைய சேர்ட் இன்னொருவருக்குப் போய்விடும். மற்றவர்களுக்கு ஒரு பெயரும் ஓர் எழுத்தும் போதும். இவர் மட்டும் இரண்டு குடும்பப் பெயரும் போடவேண்டும் என்று அடம்பிடித்து, மூன்று விரல் நீளத்துக்கு ஒட்டவைத்தார். அந்தத் துணியை முதன்முதல் அயர்ன் பண்ணியவள் நோரா. அவளும் அதே நாட்டுக்காரி.

"அயர்னைக் கீழ வைச்சிட்டு நிலத்தில இருந்திட்டன்" என்று என்னிடம் சொன்னாள். "எங்கட ஊரில இந்தப் பெயரைச் சத்தமாச் சொல்ல எங்களுக்குப் பயம். இப்ப அவன்ர உள்ளுடுப்பை நான் தோய்க்கிறன்."

அவளுடைய தம்பி எமிலியோ. பல்கலைக்கழகத்துக்குப் போனவன். இவருடைய ஆட்சியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். தாய் ஊரில் இன்னும் உயிரோடு இருந்தா. அவவும் ஆத்துமப் பூசை கொடுக்கவில்லை. நானும் நோராவும் ஒரே மேசையில் இத்தனை காலம் இருந்து சாப்பிட்டும் இதை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

"அவன் உன்னோட நல்ல வாரப்பாடு, நெருக்கமாக் கதைக்கிறான்தானே? கேள். தம்பி இருக்கிறானா, இல்லையா? அவ்வளவுதான். அம்மா கண்ணை மூடமுதல் தெரியவேணும்."

"நீயே கேளன்."

"நான் அங்க வந்தன் எண்டால் கேள்வியோட நிக்கமாட்டன்."

நான் கேட்டேன். மத்தியானம் சூப் பருக்கும்போது, எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் தம்பி என்று சொல்லி, எமிலியோவின் பெயரையும் தகப்பன் வழிப் பெயரையும் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நோராவும் இங்கே புருசனின் பெயரில்தான் இருந்தாள். அவர் கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு யோசிப்பதுபோல் இருந்தார்.

"தெரியாது. அந்த நாளையில கன பெடியள் நாட்டை விட்டுப் போனவங்கள். எங்கயாவது ஐரோப்பாவில கலியாணம் கட்டிப் பிள்ளைகுட்டியோட இருப்பான்."

மன்னாரில் முகாம் வாசலில் என் அம்மாவுக்குச் சொன்ன அதே பதில். சொல் மாறினாலும் அதே பதில். உங்கட மகன் வெளிநாட்டுக்குப் போயிருப்பான் அம்மா, வீட்டுக்குப் போங்கோ. இந்தப் பதிலை உலகம் முழுவதும் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று எனக்கு ஒரு கேள்வி வந்தது. என்றாலும் நான் அவரை நம்பினேன். மூட்டை தூக்குகிறவனின் தாயின் பெயர்வரை ஞாபகம் வைத்திருக்கிறவர் தெரியாது என்றால் தெரியாதுதான் என்று நினைத்தேன்.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அன்று ஒரு சாமியார் ஹோமுக்கு வந்து பொது அறையில் பூசை வைப்பார். பூசைக்கு நடுவில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லலாம். நடக்கக்கூடியவர்கள் எழுந்து சொல்வார்கள். இவருடைய வீல்செயாரை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவருடைய முறை வந்தது. தாயின் பெயரைச் சொன்னார். மனைவி, அண்ணன், பழைய சாரதி, ஒரு பள்ளி ஆசிரியை. எல்லாம் முழுப்பெயர்கள். பிறகு கொஞ்சம் நின்றார். குரலை இறக்கி எமிலியோவின் பெயரைச் சொன்னார். அதன் பின்னால் தகப்பன் வழிப் பெயர். அதன் பின்னால் இன்னொரு பெயர். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதன்முதல் கேட்டேன். செத்தவர்களுக்குக் கேட்பதுபோல, அவனுக்கு நித்திய இளைப்பாற்றி கிடைக்கவேண்டும் என்று சொல்லி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்ரனுடைய பெயரைச் சொல்லவில்லை. அன்ரனுக்கு அவர் கேட்டது வீடு வந்து சேர்வதற்கு. எமிலியோவுக்குக் கேட்டது இளைப்பாற்றி. யார் காணாமல் போனவன், யார் செத்தவன் என்பது அவருக்கு வடிவாகத் தெரிந்திருந்தது. நான் பெயரைச் சொல்லி ஞாபகப்படுத்திவிட்டேன், அதற்குமேல் அவனை விட்டுவிட அவருடைய பக்திக்குப் பயம். எனக்கு முன்னால் பொய் சொல்லலாம், கடவுளுக்கு முன்னால் பாதிப்பெயர் சொல்லக்கூடாது. கதிரை தள்ளுகிற பெண்ணுக்கு இதெல்லாம் விளங்காது என்று நினைத்திருப்பார்.

பூசை முடிந்ததும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கதவைச் சாத்தினேன்.

"எமிலியோவின்ர தாய் வழிப் பெயர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்லேல்லை."

அவர் யன்னலால் பார்க்கிங் லொட்டைப் பார்த்தார்.

"அவன் செத்திட்டான் எண்டு ஆர் சொன்னது?"

கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல அமைதியாகச் சொன்னார்.

"ஆமிக்காரர் என்ர மேசைக்கு அனுப்பிற லிஸ்டில பாதிப்பெயர்தான் இருக்கும், ஜெசிந்தா சூசைப்பிள்ளை திரேசம்மா. நான் கையெழுத்து வைக்கமாட்டன். திருப்பி அனுப்பிவிடுவன். தாயின்ர பெயரையும் போட்டுக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லுவன். அதுக்குப் பிறகு ஒவ்வொண்டாச் சத்தமா வாசிச்சுத்தான் வைக்கிறது. ஒரு மனுசனைப் பாதிப்பெயரோட அனுப்பக்கூடாது."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவருடைய முகத்தில் இருந்தது அதுதான்.

"கொல்லுறதுக்கு முழுப்பெயர் கேட்டனீங்களோ? நீங்கள் மனுசனே?" என்று கேட்டேன். அடித்திருப்பேன். வேலை போய்விடும் என்று பயந்து நின்றேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த உடம்பை நான் தினமும் கழுவியிருக்கிறேன், அதில் அடி வாங்குவதற்கு இடமில்லை. அவருக்கு என் கோபம் விளங்கவே இல்லை. கோபப்பட வேண்டியது பாதிப்பெயர் எழுதி அனுப்பியவர்கள் மேல் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

கீழே போய் நோராவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த துவாயை மடித்து முடித்தாள். அடுக்கின்மேல் வைத்தாள். லிப்டுக்குக் காத்து நிற்காமல் படியில் ஏறி வந்தாள்.

அறைக்குள் அவளைக் கண்டதும் அவர் நிமிர்ந்து இருக்கப் பார்த்தார். கையை நீட்டினார். தங்கள் பாஷையில் ஏதோ கேட்டார். பிறகு நோரா எனக்குச் சொன்னாள், அவளுடைய முழுப்பெயரைக் கேட்டாராம்.

"உனக்குத் தெரியும். என்ர தம்பிக்கு இருந்ததுதான் எனக்கும்" என்றிருக்கிறாள். நாற்பது ஐம்பது வருடமாக அவரை ஒருவரும் ஒருமையில் பேசியிருக்கமாட்டார்கள். நீட்டிய கையை அவர் மெதுவாக இறக்கினார்.

நோரா போனை எடுத்துத் தாயைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "சொல்லு. எனக்குச் சொல்லவேண்டாம், அவவுக்குச் சொல்லு."

அவர் சொன்னார். நான்கைந்து வசனம்தான் இருக்கும். எனக்குப் பாஷை தெரியாது, பெயர் மட்டும் விளங்கியது, இரண்டு பக்கமும் சேர்த்து முழுதாக. அவனைக் கொண்டுபோன அதே கிழமையில் முடிந்துவிட்டது என்றும், ஆற்றில் விட்டார்கள், தேட இடமில்லை என்றும் சொன்னாராம். பிறகு அந்த அம்மா ஒரேயொரு கேள்வி கேட்டா. குரல் உடையவில்லை.

அவர் ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

"என்ன கேட்டவ?" என்று கொரிடோரில் வைத்து நோராவைக் கேட்டேன்.

"அந்தக் கிழமை அவனுக்குச் சாப்பாடு குடுத்தவையா எண்டு."

"அதுக்கு?"

"அது என்ர மேசைக்கு வாறேல்லை அம்மா எண்டு சொன்னான்."

அடுத்த நாள் சுப்பர்வைசரிடம் போய், அவருடைய அறைக்கு வேறு ஆளைப் போடச் சொன்னேன். காரணத்தைச் சொன்னேன். அவள் தன்னுடைய மேசையில் இருந்த படத்தைப் பார்த்தாள். வயதுபோனவர்கள் எதையெல்லாமோ சொல்வார்கள், அவர் எவ்வளவு மரியாதையான மனிதர் என்றாள். மரியாதை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. அந்தப் பனிக்காலம் முடிய முன்னரே அவர் நித்திரையில் போய்ச் சேர்ந்தார். நோவில்லை, பயமில்லை, பக்கத்தில் மகள், கட்டிலில் சுத்தமான துப்பட்டி. அவருடைய நாட்டுப் பத்திரிகை ஒன்று அவரைப் பண்பாளர் என்று எழுதியதாக நோரா சொன்னாள்.

ஆனால் இனிச் சொல்வது அவர் சாவதற்கு முந்திய கதை. போனில் கேட்ட அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமையே நோராவின் தாய் ஆத்துமப் பூசை கொடுத்துவிட்டா. யாரோ போனில் எடுத்து அனுப்பிய வீடியோவை நோரா லோண்ட்ரியில் வைத்து எனக்குக் காட்டினாள். சின்னக் கோயில். சாமியார் எமிலியோவின் பெயரை வாசிக்கிறார். முன்வாங்கில் ஒரு கிழவி கறுப்புச் சால்வையோடு இருக்கிறா. பெயரைக் கேட்டதும் அவவுடைய தோள் இரண்டும் கீழே இறங்கின. அவ்வளவு காலமும் தூக்கி வைத்திருந்த தோள்.

அன்று பின்னேரம் அம்மா மன்னாரிலிருந்து போன் எடுத்தா.

"பிள்ளை, தம்பியின்ர பிறந்த நாள் வருது. சுகத்துக்குப் பூசை குடுக்கவேணும், சாமியாரிட்டச் சொல்லிப்போட்டன்."

"ஓம் அம்மா."

"ஏதும் கேள்விப்பட்டனியே?"

"இல்லை அம்மா."

போனை வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தேன். அந்தக் கறுப்புச் சால்வைக் கிழவி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஓம், பொறாமை. மகனைக் கொன்றவன் வாயால் மகன் செத்தான் என்று கேட்கக் கிடைத்ததற்காக இன்னொரு தாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிற இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எங்கள் அன்ரனுக்குக் கையெழுத்து வைத்தவனும் எங்கோ ஒரு சுத்தமான அறையில், எல்லோரோடும் நல்ல மாதிரிக் கதைத்துக்கொண்டு, யாரோ பருக்கிவிடும் சூப்பைக் குடித்துக்கொண்டிருப்பான். அவனைக் கழுவித் துடைக்கிற பெண் யாரென்று தெரிந்தால், அவளுடைய காலில் விழுந்தாவது ஒரு கேள்வி கேட்கச் சொல்லுவேன்.